விரிசல் எங்கே விழுந்தது?

விருத்தாசலத்துச் சொந்தங்களே,

மூன்று மணி நேரமா அசையாமல் உட்கார்ந்திருக்கீங்க. 1798-இல் ராமநாதபுரத்தில் ஜாக்சன் துரை முன்னால் கட்டபொம்மன் நின்றதும் மூன்று மணி நேரம்தான். அவருக்கு நாற்காலி கொடுக்கவில்லை. உங்களுக்குக் கொடுத்திருக்கோம். அந்த வகையில் கம்பெனிக்காரனைவிட நாங்க கொஞ்சம் நல்லவங்க.

இப்ப தீர்ப்புச் சொல்லணும். 'வீரபாண்டிய கட்டபொம்மன் வீழக் காரணம் காட்டிக்கொடுத்தவர்களா, கம்பெனியின் பலமா, கட்டபொம்மனின் பிழையா?' இதுதான் தலைப்பு. மூன்று அணியும் வெளுத்து வாங்கிட்டாங்க. 'காட்டிக்கொடுத்தவர்களே' என்று பேசிய தங்கை, எட்டப்பன் பேரைப் பதினேழு தடவை சொன்னாங்க. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். பதினேழு தடவையும் நீங்க கை தட்டினீங்க. அந்தக் கைதட்டல்தான் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது.

எனக்குச் சொந்த ஊர் இங்கிருந்து பக்கம்தான். ஏழாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் இந்த நாடகம் போட்டோம். சக்தி கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜி நாடக மன்றம் 1957-இல் சேலத்தில் அரங்கேற்றிய நாடகம். 1959-இல் பி.ஆர். பந்துலு அதைப் படமா எடுத்தார். 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க ஆசியப் படவிழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது வாங்கிக் கொடுத்தது அந்தப் படம். எங்க பள்ளிக்கூடத்துக்கு வரும்போது அது முக்கால் மணி நேரமா சுருங்கிப்போச்சு. வசனம் மட்டும் குறையலை. நான்தான் கட்டபொம்மன். குரல் பெரிசு என்பதால் கொடுத்தாங்க, வீரத்துக்காக இல்லை. எட்டப்பன் வேஷம் கட்ட யாரும் வரலை. கடைசியில் வாய் பேசாத சாதுப் பையன் ஒருத்தனைப் பிடித்து மீசை ஒட்டிவிட்டோம்.

நாடகம் அன்றைக்கு ராத்திரி முடிந்தது. அவனுக்கு முடியலை. பத்தாம் வகுப்பு முடித்துப் போகிற வரைக்கும் அவன் பேரே எட்டப்பன்தான். பேனா காணாமப் போனா அவனைப் பார்ப்போம். வாத்தியாரிடம் யாராவது கோள் சொன்னா அவன்தான் என்போம். அந்தப் பேரை முதலில் கூப்பிட்டவன் நான்.

அந்தப் பையன் இந்த ஊரிலேயே செராமிக் படித்து, இன்சுலேட்டர், பியூஸ் கட்டை, கொலுப் பொம்மை என்று சூளையோடேயே வாழ்க்கையை ஓட்டியவர். இப்ப நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கார். பேரைச் சொல்ல மாட்டேன், திரும்பிப் பார்க்காதீங்க. இன்றைக்குச் சாயங்காலம் அவர் வீட்டில்தான் காபி சாப்பிட்டேன். விரிசல் விட்ட பொம்மை ஒன்று அலமாரியில் இருந்தது. "சூளைச் சூடு ஜாஸ்தியாயிடுச்சா?" என்று கேட்டேன். சிரித்தார்.

"எல்லாரும் சூளையைத்தான் திட்டுவாங்க. பச்சைச் சாமானைக் காயப்போடறோம் பாரு, அப்ப ஒரு பக்கம் சீக்கிரம் காய்ந்து ஒரு பக்கம் ஈரமா இருந்தா, உள்ளுக்குள்ள விரிசல் விழுந்துடும். கண்ணுக்குத் தெரியாது. சூளைக்குள்ள போய் வந்தப்புறம்தான் வாயைத் திறக்கும்."

நான் முனைவர் பட்டம் வாங்கினவன். எனக்கு இந்த நடை வரலைங்க.

இந்த ஊருக்குச் சொந்தமா இன்னொரு கதையும் இருக்கு. சுந்தரர் பன்னீராயிரம் பொன்னை இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் இறங்கித் தேடினார், கிடைத்தது. அவருக்குப் பழமலைநாதர் துணை இருந்தார். நாம ஒரு இடத்தில் தொலைத்துவிட்டு இன்னொரு இடத்தில் தேடினால் கிடைக்காது. கட்டபொம்மன் கதையில் நாம எல்லாரும் 1799-இல் இறங்கித் தேடிக்கிட்டு இருக்கோம். தொலைந்தது அதுக்கு ரொம்ப முன்னால்.

1755-க்குப் போவோம். கட்டபொம்மன் பிறக்க இன்னும் ஐந்து வருஷம் இருக்கு. நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவர், ஆர்க்காட்டு நவாபுக்கும் அவனுக்குத் துணையா வந்த கம்பெனிப் படைக்கும் எதிரா மறவர் பாளையங்களை ஒன்று சேர்த்தார். அந்தப் பாளையங்களில் சிவகிரி மட்டும் வரவில்லை. கிழக்கே இருந்த நாயக்கர் பாளையங்களில் பெரிய இரண்டும் சேரவில்லை. எவை தெரியுமா? ஒன்று எட்டயபுரம். இன்னொன்று, மனசைத் திடப்படுத்திக்குங்க, பாஞ்சாலங்குறிச்சி.

ஆமாம். நாம பகையாளிகள் என்று படித்த இரண்டு அரண்மனையும் அன்றைக்கு ஒரே பக்கம் ஒதுங்கி நின்றன. தங்கச்சி, நீங்க துரோகி என்ற சொல்லை எடுத்தா, அதை 1755-க்கும் நீட்டணும். நீட்டினா எங்கே போய் இடிக்கும்? அதனால்தான் நான் அந்தச் சொல்லையே கீழே வைத்துவிட்டேன். அன்றைக்கு அவர்கள் யாரையும் காட்டிக்கொடுப்பதாக நினைக்கவில்லை. விசுவநாத நாயக்கர் காலத்தில் ஏற்பட்ட எழுபத்திரண்டு பாளையம், எழுபத்திரண்டு எல்லைத் தகராறு. பக்கத்துப் பாளையம் அடி வாங்கினால் நமக்கு இரண்டு கிராமம் சேரும், அவ்வளவுதான் கணக்கு. 'தமிழ்நாடு', 'இந்தியா' என்றெல்லாம் நாம இன்றைக்கு நினைக்கிற நினைப்பு அவர்கள் கணக்கில் இல்லை. பொம்மை காயப்போட்ட நேரம் அதுதான். பூலித்தேவர் பக்கம் ஒரு காய்ச்சல், இந்தப் பக்கம் ஒரு ஈரம்.

இரண்டாவது அணித் தலைவர் பீரங்கியைப் பற்றியே பேசினார். ஐயா, பீரங்கிக்கு முன்னால் ஒரு காகிதம் வந்தது. நவாப் முகமது அலி கம்பெனியிடமும் வெள்ளைக்கார வட்டிக்கடைக்காரர்களிடமும் கடன் வாங்கி வாங்கிக் கழுத்துவரை போய்விட்டான். 1792-இல் கருநாடக உடன்படிக்கை. பாளையக்காரர்களிடம் பேஷ்குஷ் என்ற கப்பத்தை, நவாப் பேரில், கம்பெனியே வசூலித்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தான். நம்ம தெருவில் வாடகை வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் கடன்பட்டுப் போய், "இனிமே வாடகையை அந்தச் சேட்டுகிட்ட கொடுத்துடுங்க" என்பாரே, அதுதான். வீடு மாறலை, வாடகை மாறலை. ஆனால் ஒரு மாசம் தள்ளிப்போனா வீட்டுக்காரர் முனகுவார், சேட்டு சாமானைத் தூக்கி வெளியே வைப்பார்.

கட்டபொம்மன் 1790-இல் பட்டத்துக்கு வருகிறார், முப்பது வயசு. இரண்டு வருஷத்தில் வீட்டுக்காரர் மாறிட்டார். அந்தக் காகிதத்தில் கட்டபொம்மன் கையெழுத்து இல்லை. அவரைக் கேட்கவும் இல்லை.

இதை எப்படி மேடையில் காட்டுவீங்க? படத்தில் எட்டப்பனுக்கு வி.கே. ராமசாமி இருந்தார், ஜாக்சனுக்கு சி.ஆர். பார்த்திபன் இருந்தார், பானர்மேனுக்கு ஜாவர் சீதாராமன் இருந்தார். கடன் பத்திரத்துக்கு யார் வேஷம் கட்டுவது? நாடக ஆசிரியரைக் குறை சொல்லலை. அவர் தன் வேலையை அழகாச் செய்தார். நாடகத்துக்கு முகம் வேணும். முகம் கிடைத்ததும் பழியும் அங்கேயே போய் உட்கார்ந்துவிட்டது.

அடுத்து ஜாக்சன் கதை. வசனத்தில் கொட்டகை அதிர்ந்த இடம். நடந்தது அதைவிடக் கொடுமை. 1798 மே மாதக் கடைசியில் பாக்கி 3,310 பகோடா. பகோடான்னா டீக்கடைப் பகோடா இல்லை, தாத்தா காலத்துத் தங்க வராகன். ஆகஸ்டில் கலெக்டர் ஜாக்சன் ராமநாதபுரம் வரச்சொல்லி ஆள் அனுப்பினார். கட்டபொம்மன் குற்றாலத்தில் பார்க்கப் போனார், துரை பார்க்க மாட்டேன் என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்க்கப் போனார், அங்கேயும் இல்லை. துரை முன்னால் போக, கட்டபொம்மன் பின்னால் போக, 23 நாள், ஏறத்தாழ 400 மைல். செப்டம்பரில் ராமநாதபுரத்தில் பார்த்தபோது கணக்கைப் புரட்டினால், பெரும்பகுதி கட்டியாச்சு. மிச்சம் 1,080 பகோடாதான். அந்த 1,080-க்கு அவரையும் தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளையையும் மூன்று மணி நேரம் நிற்க வைத்தார்கள். பிறகு பிடித்து வைக்கப் பார்த்தார்கள். வாசலில் கைகலப்பு, லெப்டினன்ட் கிளார்க் செத்தான். பிள்ளை பிடிபட்டார், கட்டபொம்மன் தப்பினார்.

'பிழையே' அணியில் பேசிய தம்பி இதை அவசர புத்தி என்றார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏன் என்றால் அடுத்து அவர் என்ன செய்தார்? கோட்டையைப் பூட்டிக்கொண்டு வாளை உருவவில்லை. சென்னைக்கு மனு எழுதினார். அங்கே கவர்னர் எட்வர்ட் கிளைவ். பிரவுன், ஓரம், காசாமேஜர் என்று மூன்று பேரை வைத்து விசாரணைக் குழு. டிசம்பரில் கட்டபொம்மன் நேரில் போய் நின்றார். குழு என்ன சொன்னது? அவர் மேல் குற்றம் இல்லை. பிள்ளைக்கு விடுதலை. ஜாக்சனுக்கு வேலை போச்சு, அந்த இடத்துக்கு லூஷிங்டன் வந்தார். நம்ம படத்தில் வில்லனா நிற்கிற ஜாக்சனைக் கம்பெனியே வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இதை எத்தனை பேர் கேட்டிருக்கோம்?

இங்கேதான் நான் கொஞ்சம் நேரம் நிற்கணும். அந்தத் தீர்ப்பு அவரை என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்க. நியாயம் கேட்டால் கிடைக்கும் என்று தோன்றியிருக்கும். ஆனால் குழு விசாரித்தது ஜாக்சன் நடந்துகொண்ட முறையைத்தான். வசூலிக்கும் உரிமை யாருக்கு என்பதை யாரும் விசாரிக்கவில்லை. ஆள் மாறினான், காகிதம் மாறவில்லை.

அதற்கப்புறம் அவர் சும்மா இருந்திருந்தால்? மாட்டார். சிவகங்கையில் மருது சகோதரர்கள், திண்டுக்கல் பக்கத்தில் கோபால நாயக்கர் என்று ஒரு கூட்டணி உருவாகிக்கொண்டிருந்தது. தாத்தா காலத்தில் ஒதுங்கி நின்ற பாஞ்சாலங்குறிச்சி இந்தத் தடவை சேர முடிவு செய்தது. நாற்பத்து நாலு வருஷம் கழித்து விரிசலைப் பூசப் பார்த்தவர் கட்டபொம்மன். இதை அவருடைய பெருமை என்றுதான் சொல்வேன்.

சேர்க்கப் போன இடம் சிவகிரி. பூலித்தேவருக்கு வராத அதே சிவகிரி, இவருக்கும் வரலை. அங்கே பாளையக்காரருக்கும் அவர் மகனுக்கும் ஒத்துப்போகலை. கட்டபொம்மன் மகன் பக்கம் நின்று படையை அனுப்பினார். தம்பி, பிழை என்று ஒன்றைச் சொல்லணும் என்றால் இதைச் சொல்லுங்க, நான் தலையாட்டுகிறேன். சேர்ந்து வா என்று கூப்பிடப் போனவர் அப்பா-மகன் சண்டைக்குள் ஆயுதத்தோடு போய்விட்டார். சிவகிரி கம்பெனிக்குக் கப்பம் கட்டுகிற பாளையம். அதன் மேல் கை வைத்தால் கம்பெனி மேல் கை வைத்ததாகவே எடுத்துக்கொண்டார்கள். கப்பப் பாக்கியை வைத்து ஒரு மனிதனை மிரட்டத்தான் முடியும். படையோடு வர ஒரு சாக்கு வேணும். அது கிடைத்துவிட்டது. ஒற்றுமைக்காக எடுத்து வைத்த அடியே பிறகு அவர் மேல் குற்றப்பத்திரிகை ஆனது. கிரேக்க நாடகக்காரர்கள் இதைக் கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார்கள்.

நேரமும் பாழான நேரம். 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்தார். அதுவரை கம்பெனிக்கு ஒரு கண் மைசூர் மேலேயே இருக்கணும். அதற்கப்புறம் இரண்டு கண்ணும் தெற்கே திரும்பியது. திருச்சி, தஞ்சாவூர், மதுரை மூன்று இடத்திலிருந்தும் படை நகர்ந்தது. இரண்டாவது அணி பீரங்கியைச் சொன்னதைவிட இந்த மாதக் கணக்கைச் சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும்.

செப்டம்பர் 1-ஆம் தேதி மேஜர் பானர்மேன் ஓலை: நான்காம் தேதி பாளையங்கோட்டைக்கு வா. வரவில்லை. ஐந்தாம் தேதி பாஞ்சாலங்குறிச்சி வாசலில் படை. தூது போன ராமலிங்கனார் என்பவர் கோட்டைக்குள் போய்ப் பேசிவிட்டு, உள்ளே பார்த்ததையெல்லாம் வெளியே வந்து சொன்னார். கோட்டை ரகசியத்தைக் கொண்டுபோனவர் எட்டப்பன் இல்லை என்பதையும் குறித்துக்குங்க. முதல் நாள் தாக்குதலில் கம்பெனி அதிகாரிகளே செத்து விழுந்தார்கள். இன்னும் பீரங்கி வருகிறது என்று தெரிந்ததும் கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். கோலார்பட்டியில் மோதல், சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். அவரை நாகலாபுரத்தில் தூக்கிலிட்டார்கள். எட்டயபுரம் படை துரத்தியது உண்மை. பிறகு பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் பங்கு வாங்கியதும் உண்மை. அதை நான் மறைக்கலை. ஆனால் கட்டபொம்மனைக் காட்டில் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்கள். தொண்டைமான் பேரை நாம திட்டுச் சொல்லா ஆக்கலை பாருங்க! அதே எட்டயபுரத்தில்தான் 1882-இல் பாரதி பிறந்தார். அந்த மண் பேரை எடுத்து ஒருத்தன் முகத்தில் எறிய நமக்கு நாக்கு கூசவில்லை.

அக்டோபர் 16, கயத்தாறு. பானர்மேன் என்ன செய்தார் தெரியுமா? திருநெல்வேலிச் சீமைப் பாளையக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர்கள் கண் முன்னால்தான் விசாரணை. எத்தனை பேர் இருந்தாலும் எழுந்து நின்று ஒரு வார்த்தை பேச ஒருத்தரும் இல்லை. தங்கச்சி, நீங்க எட்டப்பன் ஒருத்தரைப் பதினேழு தடவை சொன்னீங்க. அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்த மற்றவங்களை ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.

தீர்ப்புக்கு வருகிறேன். 'காட்டிக்கொடுத்தவர்களே' அணிக்குத் தர முடியலை. இவ்வளவு பெரிய வீழ்ச்சியைத் தாங்குகிற அளவுக்கு எட்டப்பன் பெரிய ஆள் இல்லை. கம்பெனிக்குப் பலம் இருந்தது. அதே கம்பெனியை 1801-இல் ஊமைத்துரை என்ன பாடு படுத்தினார்! பிப்ரவரி 2-ஆம் தேதி பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடித்துப் போட்ட கோட்டையை ஒரு வாரத்துக்குள் திரும்ப எழுப்பினார். மே 24 வரை அது விழலை. வெறும் மண் சுவர். என் நண்பரிடம் கேட்டேன், பச்சை மண் எப்படிப் பீரங்கியைத் தாங்கும்? "சுட்ட செங்கல்லா இருந்தா சிதறும். பச்சை மண்ணு குண்டை முழுங்கிடும்" என்றார். அந்த வருஷமே மருது சகோதரர்களும் ஊமைத்துரையும் உயிர் விட்டார்கள். கடன்பட்ட நவாபின் வாரிசும் அதே 1801-இல் நாட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் பென்ஷன் வாங்கப் போனான்.

'பிழையே' என்ற அணிக்குத் தீர்ப்பைத் தருகிறேன். ஆனால் தம்பி சொன்ன பிழைக்காக இல்லை. அவர் பிறப்பதற்கு முன்னால், அவர் அரண்மனையும் சேர்ந்து செய்த பிழை. ஒவ்வொரு பாளையமும் தனக்குத் தனியாகக் கணக்குப் போட்ட பிழை. அதைத் திருத்த ஒருத்தர் கிளம்பியபோது நேரம் முடிந்துவிட்டது.

பானர்மேன் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில் கட்டபொம்மனின் கடைசி நேரம் இருக்கு. தூக்கிலிட்டவனே எழுதியது, அதனால் நம்பலாம். விசாரணை முழுக்கத் தலை குனியலையாம். எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் அவ்வப்போது பார்த்த பார்வையில் கோபம் இருந்ததாம். தம்பி ஊமைத்துரையைப் பற்றி மட்டும் கவலைப்பட்டாராம். மரத்தடிக்கு வந்ததும், கோட்டையை விட்டு வந்திருக்கக் கூடாது, அங்கேயே போராடிச் செத்திருக்கலாம் என்று வருந்தினாராம். 'பிழை' என்று அவரே ஒத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

அதே கயத்தாற்றில் சிவாஜி நிலம் வாங்கிக் கட்டபொம்மனுக்குச் சிலை வைத்தார். நான் இரண்டு தடவை போய்ப் பார்த்திருக்கேன்.

நாலாவது வரிசையில் இருக்கிற நண்பருக்கு ஒரு வார்த்தை. டேய், அந்தப் பேரை முதலில் கூப்பிட்டவன் நான்தான். சாயங்காலம் காபி கொடுக்கும்போது சொல்லிடணும் என்று பார்த்தேன், வாய் வரலை. இத்தனை பேர் முன்னால் கூப்பிட்டதை இத்தனை பேர் முன்னால்தான் திரும்ப வாங்கணும். வாங்கிட்டேன். ராத்திரி சாப்பாட்டுக்கு வரேன், வீட்டில் சொல்லிடு.